விமான நிலையம் அருகே செயற்கைக்கோள் வழிசெலுத்தலின் துல்லியத்தைச் சோதிப்பது எப்படி? முதல்முறை இந்த வேலையில் இறங்குபவர்களுக்கு

தரையிறங்க வரும் விமானத்தில் ஜிபிஎஸ் எவ்வளவு சரியாக இடம் காட்டுகிறது என்று சோதித்துக் கொடுங்கள் என்று உங்களிடம் ஒரு வேலை வந்தால், பறந்து, பதிவு செய்து, ஒப்பிட்டால் முடிந்தது என்றுதான் முதலில் தோன்றும். பறப்பது இதில் சின்னப் பகுதி. அனுமதிக் காகிதங்கள், ஆன்டெனா பொருத்துவது, அப்புறம் கொண்டுவந்த டேட்டாவை எதோடு ஒப்பிடுவது என்ற கேள்வி, இவைதான் நாட்களைத் தின்கின்றன. நான் பார்த்தவரை இந்தச் சோதனைகளில் தெரியும் பெரிய பிழைகள் பெரும்பாலும் செயற்கைக்கோளில் இருந்து வருவதில்லை, நாம் ஒப்பிடும் விதத்தில் இருந்து வருகின்றன. அதனால் அந்தப் பகுதியைத்தான் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

1. எதை அளக்கப்போகிறீர்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

'துல்லியமாக இருக்கிறதா' என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. பறப்பின் எந்தக் கட்டத்துக்கு என்று கேட்க வேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் அனெக்ஸ் 10 என்ற விதித் தொகுப்பின் முதல் தொகுதியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் அளவு கொடுத்திருக்கிறார்கள். ரன்வேயை நோக்கி இறங்கிவரும் அப்ரோச்சில், செங்குத்து வழிகாட்டல் இல்லாத வகைக்குக் கிடைமட்டத்தில் 220 மீட்டர் போதும். செங்குத்து வழிகாட்டலும் உள்ள ஏபிவி-1 வகைக்குக் கிடைமட்டத்தில் 16 மீட்டர், செங்குத்தில் 20 மீட்டர். இன்னும் துல்லியமான கேட்டகரி 1 என்றால் கிடைமட்டம் அதே 16தான், செங்குத்து மட்டும் 6 முதல் 4 மீட்டருக்கு இறங்கிவிடும். எல்லாமே 95 சதவீத அளவு, அதாவது நூற்றுக்கு 95 முறை பிழை இதற்குள் இருக்க வேண்டும். இந்த வித்தியாசம்தான் நீங்கள் என்ன கருவி வாங்க வேண்டும், எத்தனை காகிதம் சேர்க்க வேண்டும் என்பதையே முடிவு செய்கிறது. 220 மீட்டருக்குச் சோதிக்க வந்தவர் சென்டிமீட்டர் கருவிக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

துல்லியத்தோடு எச்சரிக்கை வரம்பையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். ஏபிவி-1-க்குக் கிடைமட்டம் 40 மீட்டர், செங்குத்து 50 மீட்டர். கேட்டகரி 1-க்குச் செங்குத்தில் 35 முதல் 10 மீட்டர். பிழை இதைத் தாண்டினால் ஏபிவி-1-ல் 10 விநாடிக்குள், கேட்டகரி 1-ல் 6 விநாடிக்குள் பைலட்டுக்குத் தெரிந்தாக வேண்டும், தெரியாமல் போகும் வாய்ப்பு ஒரு அப்ரோச்சுக்குக் கோடியில் இரண்டைத் தாண்டக் கூடாது. இந்தக் கோடியில் இரண்டை எந்தப் பறப்புச் சோதனையாலும் நிரூபிக்க முடியாது, அவ்வளவு முறை யாராலும் பறக்க முடியாது. அது அமைப்பின் வடிவமைப்பிலும் பாதுகாப்பு ஆய்விலும் நிரூபிக்கப்படுவது. நம் சோதனை அதைச் சொல்லாது என்று ஆரம்பத்திலேயே எழுதி, வேலை கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அறிக்கை கொடுக்கும் நாளில் அந்தக் கேள்வி வரும்.

இந்த இடத்தில் புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் பொறிகள் இரண்டு.

முதலாவது, உயரம். பல விமானங்களில் செங்குத்து வழிகாட்டல் காற்றழுத்த உயரமானியில் இருந்து வருகிறது. அங்கே நீங்கள் அளப்பது செயற்கைக்கோளை அல்ல, காற்றழுத்தத்தையும் வெப்பநிலையையும். கடுங்குளிரில் உயரமானி காட்டுவதைவிட விமானம் தாழ்வாக இருக்கும், அந்தப் பிழையை ஜிபிஎஸ் தலையில் கட்டிவிடாதீர்கள்.

இரண்டாவது, விமானம் பாதையை விட்டு விலகியதற்கும் ரிசீவர் தவறாகச் சொன்னதற்கும் உள்ள வேறுபாடு. மொத்த விலகலில் பாதை வரையறுத்ததன் பிழை, பைலட் அல்லது ஆட்டோபைலட் ஓட்டியதன் பிழை, இடம் காட்டியதன் பிழை என்று மூன்று சேர்ந்திருக்கும். துல்லியச் சோதனைக்கு வேண்டியது மூன்றாவது மட்டும்தான். பைலட் கோட்டில் அழகாகப் பறந்தார் என்பதால் ரிசீவர் சரி என்று ஆகிவிடாது.

எந்தத் துணை அமைப்பு என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். ரெய்ம் என்பது ரிசீவர் தானே செயற்கைக்கோள்களை ஒன்றோடொன்று சரிபார்ப்பது, பழுதைக் கண்டுபிடிக்கக் குறைந்தது 5 செயற்கைக்கோள், பழுதானதை விலக்க 6 வேண்டும். எஸ்பிஏஎஸ் என்றால் திருத்தம் புவிநிலைச் செயற்கைக்கோளில் இருந்து வரும். ஜிபிஏஎஸ் என்றால் விமான நிலையத்தில் உள்ள நிலையத்தில் இருந்து விஎச்எஃப் அலையில் வரும். பறப்பின் நடுவே ரிசீவர் ஒன்றில் இருந்து இன்னொன்றுக்கு மாறினால் அது பதிவில் தெரிய வேண்டும். எந்த முறையில் இருந்தபோது வந்த எண் என்று தெரியாத டேட்டாவால் பயன் இல்லை.

2. காகிதங்களை முதலில் நகர்த்துங்கள்

நேரம் அதிகம் இழுப்பது விமானத்தில் கை வைப்பதற்கான அனுமதி. சோதனைக்காகக் கூடுதல் ஆன்டெனா பொருத்தினாலும் சரி, இருக்கும் ஆன்டெனாவில் இருந்து பிரித்து எடுத்தாலும் சரி, அது விமானத்தில் செய்யும் மாற்றம். வரைபடம், எடை மற்றும் சமநிலைக் கணக்கு, மின்காந்த இடையூறு சோதனை அறிக்கை, பொறியாளர் கையெழுத்து எல்லாம் கேட்பார்கள். உடலில் துளை போடுவதாக இருந்தால் மாதக் கணக்கில் ஆகும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். ஜன்னலுக்குப் பக்கத்தில் ஆன்டெனா வைத்தால் அனுமதி சுலபம், ஆனால் பாதி வானம் மறைந்துவிடும், வேலைக்கு ஆகாது.

அடுத்து காப்பீடு. தாழ்வாகப் பறந்து இறங்காமல் மேலேறுவது, சோதனைக் கருவியோடு பறப்பது, இரண்டும் பாலிசியில் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது.

விமான நிலையத்திடம் இரண்டு தனி அனுமதிகள் தேவை. தரையில் குறிப்பு நிலையம் (ஒப்பிடுவதற்காக முக்காலியில் நிறுத்தும் ரிசீவர்) வைக்க ஒன்று, உள்ளே போய்வரும் ஆட்களுக்கும் வண்டிக்கும் இன்னொன்று. முக்காலியை ரன்வேயைச் சுற்றியுள்ள பாதுகாப்புப் பட்டைக்குள் வைக்க விடமாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். விமானக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குத் தனிக் கடிதம் கொடுங்கள்: எந்த ரன்வே, எத்தனை அப்ரோச், எந்த உயரத்தில் திரும்புவீர்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் எத்தனை நிமிடம், நெரிசல் வந்தால் எங்கே காத்திருப்பீர்கள். ஒரு படத்தோடு போன கடிதத்துக்குப் பதில் சீக்கிரம் வரும். பணியில் இருக்கப்போகும் கண்ட்ரோலர் அதைப் பார்த்தாரா என்று பறக்கும் நாள் காலையில் மறுபடி கேளுங்கள், மேலதிகாரி ஒப்புக்கொண்ட விஷயம் டவருக்குப் போய்ச் சேராமல் இருப்பது சாதாரணமாக நடக்கிறது.

ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்-84 என்ற ஆயத்தொலை முறையில் ரன்வே முனைகளை அளந்த அறிக்கை, தற்போதைய அப்ரோச் வரைபடம், விமானத்தில் ஏற்றியுள்ள வழிசெலுத்தல் டேட்டாபேஸின் சுழற்சி எண், எஸ்பிஏஎஸ் அல்லது ஜிபிஏஎஸ் அப்ரோச் என்றால் இறுதிப் பாதைக்கான டேட்டா தொகுப்பு, இவற்றையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். டேட்டாபேஸ் 28 நாளுக்கு ஒருமுறை மாறும். திட்டமிட்டபோது ஒன்று, பறக்கும்போது இன்னொன்று என்று ஆகிவிடாமல் தேதியைப் பாருங்கள். ஐகாவோவின் டாக் 8071 இரண்டாம் தொகுதி செயற்கைக்கோள் அமைப்புகளைச் சோதிப்பதற்கென்றே எழுதப்பட்டது, டாக் 9613-ல் பிபிஎன் (செயல்திறன் அடிப்படையிலான வழிசெலுத்தல்) விவரங்கள் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சோதனைத் திட்டத்தை எழுதினால் அனுமதி கொடுப்பவர் கேட்கும் பாதிக் கேள்விகள் வராது.

3. பணம் எங்கே போகும்

விமானத்தின் மணி வாடகைதான் பெரியது. அடுத்தது பொருத்தும் வேலையும் அதன் காகிதமும். ரிசீவரை வாடகைக்கு எடுக்கலாம், பின்செயலாக்க மென்பொருளுக்கும் குறுகிய கால உரிமம் கிடைக்கிறது, ஒரே சோதனைக்கு எதையும் விலைக்கு வாங்காதீர்கள். மறைந்திருக்கும் செலவு காத்திருப்பு: விமானம் தரையில் நின்றாலும் பைலட்டுக்கும் நிறுத்துமிடத்துக்கும் பணம் போகும். போட்ட பறப்பு நேரத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது மறுபறப்புக்கு ஒதுக்கி வையுங்கள் என்பது என் கணக்கு. மறுபறப்புக்குப் பணம் இல்லாதபோதுதான் அரைகுறை டேட்டாவை வைத்து அறிக்கை எழுதும் சபலம் வருகிறது.

4. உண்மையான இடம் எது என்பதற்கு ஏற்பாடு

ஒரு ரிசீவர் 3 மீட்டர் தப்பு என்று சொல்ல வேண்டுமானால் அந்த நொடியில் விமானம் உண்மையில் எங்கே இருந்தது என்று அதைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். குறைந்தது ஐந்து மடங்கு நல்ல குறிப்பு வேண்டும் என்பது வழக்கம். செய்யக்கூடிய வழி இது: விமானத்தில் இரண்டு அலைவரிசையில் கேரியர் கட்டத்தை (சிக்னலைச் சுமந்துவரும் அலையின் நிலையை) பதிவு செய்யும் ரிசீவர், தரையில் நன்றாக அளந்த புள்ளியில் அதே தரத்தில் இன்னொன்று, பறந்த பிறகு இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுவது. குறிப்பு நிலையம் பக்கத்திலேயே இருந்தால் சில சென்டிமீட்டர் அளவுக்குப் போகும். முடிந்தால் தரையில் இரண்டு நிலையம் வையுங்கள். பேட்டரி தீர்ந்தோ மெமரி கார்டு நிறைந்தோ ஒன்று நின்றுபோனால் அந்த நாள் முழுவதும் வீண்.

விமான ரிசீவரும் சோதனை ரிசீவரும் ஒரே ஆன்டெனாவைப் பகிர்ந்துகொண்டால் இரண்டு ஆன்டெனாக்களுக்கு இடையிலான இடைவெளிக் கணக்கே தேவையில்லை, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விமானத்தில் பொதுவாக இருக்கும் ஆன்டெனா ஜிபிஎஸ்ஸின் முதன்மை அலைவரிசையான எல்1-க்கு மட்டும்தான், இரண்டு அலைவரிசை ரிசீவருக்கு அது பயன்படாது. சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் வைத்தால் ஒரு பக்கம் மட்டுமே ஆன்டெனாவுக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும், இன்னொரு பக்கத்தை மின்சாரத்தை மட்டும் நிறுத்தும் டிசி தடுப்பு வைத்து அடைக்க வேண்டும். தனி ஆன்டெனா என்றால் இரண்டுக்கும் இடையே முன்பின், இடவலம், மேல்கீழ் மூன்று தூரத்தையும் விமானத்தின் அச்சில் அளந்து, போட்டோவோடு எழுதி வையுங்கள். விமானம் சாயும்போதும் மூக்கைத் தூக்கும்போதும் அந்த இடைவெளி சுழலும். அதனால் சாய்வுக் கோணங்களையும் பதிவு செய்தாக வேண்டும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். விமானம் பறந்த தடத்தைக் காட்டும் இணையத் தளங்களில் இருந்து ஏடிஎஸ்-பி டேட்டாவை (விமானம் தானே ஒலிபரப்பும் இட விவரத்தை) எடுத்து, அதை 'உண்மை' என்று வைத்து ஒப்பிடாதீர்கள். அந்த இடம் பெரும்பாலும் அதே விமானத்தின் ஜிபிஎஸ்ஸில் இருந்துதான் வருகிறது. தன்னைத் தன்னோடு ஒப்பிட்டால் பிழை சின்னதாகத்தான் தெரியும்.

5. பறப்பதற்கு முன் தரையிலேயே பிடியுங்கள்

விமானத்தை ஹாங்கருக்கு (விமானக் கொட்டகைக்கு) வெளியே, கட்டடங்களை விட்டு விலகி, ஆன்டெனாவின் இடம் தெரிந்த நிலையில் நிறுத்தி எல்லாக் கருவியையும் ஓடவிடுங்கள். நகராத விமானத்தின் பதிவில் உயரக் குழப்பம், ஆயத்தொலைக் குழப்பம் எல்லாம் பளிச்சென்று தெரியும், வாடகையும் குறைவு. ஹாங்கருக்குள் சிக்னலை மறுஒலிபரப்பும் கருவி இருந்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள். அதன் அலை வெளியே கசிந்தால் ரிசீவர் தன் இடத்தை விட்டுவிட்டு அந்தக் கருவியின் கூரை ஆன்டெனா இருக்கும் இடத்தைக் காட்டும்.

அப்புறம் பைலட் டவரோடு பேசும் விஎச்எஃப் ரேடியோ. ஜிபிஎஸ் எல்1 1575.42 மெகாஹெர்ட்ஸ், தரைக்கு வரும்போது அதன் பலம் சுமார் −128.5 டிபிஎம், அவ்வளவு மெல்லிய சிக்னல். 121.175 மெகாஹெர்ட்ஸின் 13 மடங்கும் 131.275-ன் 12 மடங்கும் எல்1-ன் தலைமேலேயே வந்து விழும். அதனால் 121.150 முதல் 121.200 வரையிலும் 131.250 முதல் 131.300 வரையிலும் உள்ள சேனல்களில் அனுமதியோடு அரை நிமிடம் போல ஒலிபரப்பி, செயற்கைக்கோள் சிக்னல் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் ஆன்டெனா இடத்தையோ கேபிளையோ சரிசெய்யாமல் பறக்க வேண்டாம்.

6. நாளும் நேரமும்

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் அமைப்பு தரையில் இருந்து பார்க்கும்போது சுமார் 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். தினமும் காலை பத்து மணிக்கே பறந்தால் கிட்டத்தட்ட ஒரே வானத்தைத்தான் திரும்பத் திரும்பச் சோதிக்கிறீர்கள். பறப்புகளை வேறு வேறு நேரங்களில் பிரித்துப் போடுங்கள். அமைப்பு மோசமாக இருக்கும் நேரத்தை முன்கணிப்பு மென்பொருளில் பார்த்து, அதில் ஒரு பறப்பை வேண்டுமென்றே வையுங்கள். நல்ல நேரத்தில் மட்டும் சோதித்த அறிக்கையை அனுபவசாலிகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றம் கொண்ட அயனமண்டலத்தால் சிக்னலுக்கு வரும் தாமதம் பிற்பகலில் உச்சத்துக்குப் போகும். காந்த நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூரியன் மறைந்த பிறகு சிக்னல் துடிப்பது தனிப் பிரச்சினை, சம இரவு நாட்களை ஒட்டிய மாதங்களிலும் சூரியச் செயல்பாடு அதிகமான ஆண்டுகளிலும் கூடும். விமான நிலையம் அமைதியாக இருக்கிறது என்று முன்னிரவு நேரத்தை உங்களுக்கு ஒதுக்கினால், இதை மனதில் வைத்துத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். எந்தச் செயற்கைக்கோள் சேவையில் இல்லை, அருகில் சிக்னல் தடுப்புப் பயிற்சி நடக்கிறதா என்ற அறிவிப்புகளை முந்தின நாளும் பறக்கும் காலையிலும் பாருங்கள்.

7. பறக்கும்போது

இயந்திரம் கிளப்புவதற்கு முன் இருபது நிமிடமாவது நின்றபடி பதிவு செய்யுங்கள், இறங்கிய பிறகும் அப்படியே. பின்செயலாக்கத்துக்கு அது பெரிய உதவி. திருப்பங்களில் 25 பாகைக்கு மேல் சாயாமல் இருக்கப் பைலட்டிடம் கேளுங்கள், அதிகம் சாய்ந்தால் இறக்கையும் உடலும் வானத்தை மறைத்துக் ரிசீவர் கேரியர் அலையைத் தொடர்ந்து பிடித்திருக்கும் பூட்டு அறுந்துவிடும். பாதுகாப்புக்கு வேண்டியதை அவர் செய்வார், அதில் தலையிடாதீர்கள்.

ரன்வேயின் இரண்டு திசையிலும் அப்ரோச் செய்யுங்கள், ஒரு சிலவற்றை வேறு வேகத்தில் செய்யுங்கள். இதன் பயன் அடுத்த படியில் தெரியும். ஒவ்வொரு அப்ரோச்சுக்கும் தொடக்க நேரம், ரிசீவர் காட்டிய முறை, எச்சரிக்கை ஏதாவது வந்ததா என்று கையால் எழுதுங்கள். பதிவுக் கருவியான லாகரில் இருக்குமே என்று விடாதீர்கள்.

8. ஒப்பிடும்போது வரும் பொறிகள்

முதல் பொறி நேரம். ஜிபிஎஸ் நேரம் உலகப் பொது நேரமான யுடிசியைவிட 2017 ஜனவரி 1 முதல் 18 விநாடி முன்னால் இருக்கிறது. ஒரு கோப்பு ஜிபிஎஸ் நேரத்திலும் இன்னொன்று யுடிசியிலும் இருந்தால், 140 நாட் (மணிக்கு 140 கடல்மைல்) வேகத்தில் விநாடிக்கு 72 மீட்டர் என்ற கணக்கில் கிட்டத்தட்ட 1.3 கிலோமீட்டர் பிழை வரும். அவ்வளவு பெரிதாக வந்தால் உடனே தெரிந்துவிடும், பயமில்லை. பயப்பட வேண்டியது சின்னத் தாமதம். ரிசீவர் இடத்தைக் கணக்கிட்ட கணத்துக்கும் லாகர் முத்திரை குத்திய கணத்துக்கும் 0.1 விநாடி வித்தியாசம் இருந்தாலே பாதை நெடுக 7 மீட்டர் தப்பு, அது உண்மையான ஜிபிஎஸ் பிழை போலவே தெரியும்.

இதைப் பிரித்தெடுக்கத்தான் இரண்டு திசையும் இரண்டு வேகமும். பிழை எந்தத் திசையில் பறந்தாலும் விமானத்துக்கு முன்னாலோ பின்னாலோ கூடவே வந்தால் அது தாமதம் அல்லது ஆன்டெனா இடைவெளி. வேகம் மாறும்போது அளவும் மாறினால் தாமதம், மாறாவிட்டால் இடைவெளி. திசை மாறினாலும் பிழை வடக்கு, கிழக்கு என்று தரையோடு ஒட்டி நின்றால் குறிப்பு நிலையத்தின் ஆயத்தொலையில் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது பொறி உயரம். ஒரு கோப்பில் நீள்வட்டகத்தில் (பூமிக்கான கணித வடிவத்தில்) இருந்து உயரம், இன்னொன்றில் சராசரிக் கடல்மட்டத்தில் இருந்து. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உலகில் இடத்தைப் பொறுத்து கீழே 100 மீட்டருக்கு மேலும் மேலே 85 மீட்டர் வரையும் போகும். ரிசீவர் உள்ளே வைத்திருக்கும் ஜியாய்டு (சராசரிக் கடல்மட்டப் பரப்பு) மாதிரியும் உங்கள் மென்பொருளின் மாதிரியும் வேறாக இருந்தால் ஒரு மீட்டர், அரை மீட்டர் வித்தியாசம் மிஞ்சும். எல்லாவற்றையும் நீள்வட்டக உயரத்துக்கே கொண்டுவந்து ஒப்பிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

மூன்றாவது, அட்சரேகை, தீர்க்கரேகையின் தசம இடங்கள். நிமிடத்தில் நான்கு தசம இடம் மட்டும் பதிவானால் ஒரு படி 18 சென்டிமீட்டர், சமாளிக்கலாம். மூன்று என்றால் 1.8 மீட்டர், பறப்பதற்கு முன்பே மாற்றுங்கள்.

குறிப்புப் பாதையையும் கண்மூடி நம்ப வேண்டாம். நேரத்தில் முன்னோக்கி ஒருமுறை, பின்னோக்கி ஒருமுறை கணக்கிட்டு இரண்டும் எவ்வளவு விலகுகின்றன என்று பாருங்கள். இரண்டு தரை நிலையங்களையும் தனித்தனியாக வைத்தும் கணக்கிடுங்கள். இவை ஒத்துப்போகாத பகுதியைச் சோதனையில் இருந்து நீக்கி, நீக்கியதை அறிக்கையில் சொல்லுங்கள். தரை நிலையம் வைக்கவே வழியில்லாமல் செயற்கைக்கோள்களின் துல்லியமான சுற்றுப்பாதைக் கோப்பை நம்பிக் கணக்கிடுவதாக இருந்தால், அதை வெளியிடும் ஐஜிஎஸ் என்ற சர்வதேச அமைப்பின் இறுதிக் கோப்பு வர இரண்டு வாரம் போல ஆகும். அறிக்கைத் தேதி கொடுக்கும்போது இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

95 சதவீத அளவை, பிழைகளை வரிசைப்படுத்தி நேரடியாக எடுங்கள். சராசரியோடு இரண்டு திட்டவிலக்கம் கூட்டுவது பிழைகள் மணி வடிவ இயல்புப் பரவலில் இருக்கும்போது மட்டும் ஏறக்குறைய சரி. இன்னொன்று: ஒரு அப்ரோச்சில் விநாடிக்கு ஒன்றாக முந்நூறு அளவு எடுத்தாலும் அவை முந்நூறு தனிச் சோதனைகள் இல்லை. அடுத்தடுத்த விநாடிகளில் பிழை ஏறக்குறைய ஒன்றுதான். புள்ளிவிவரப் பலத்துக்குத் தரையில் பல நாள் ஓடிய நிலையான பதிவை வையுங்கள், பறப்பு அதை உறுதிப்படுத்துவதாக இருக்கட்டும்.

கடைசியில் ஒவ்வொரு விநாடிக்கும் உண்மையான பிழையை ஒரு அச்சிலும் ரிசீவர் சொன்ன பாதுகாப்பு எல்லையை (பிழை இதைத் தாண்டாது என்று அது தரும் அளவை) இன்னொரு அச்சிலும் போட்டு ஸ்டான்ஃபோர்டு வரைபடம் வரையுங்கள். பிழை எல்லையைத் தாண்டிய புள்ளி ஒன்றே ஒன்று இருந்தாலும் விடாதீர்கள். முதலில் உங்கள் நேரம், உயரம், இடைவெளி மூன்றையும் மறுபடி சரிபாருங்கள். அதன் பிறகும் அந்தப் புள்ளி நகரவில்லை என்றால் அதுதான் இந்தச் சோதனையின் முக்கியமான கண்டுபிடிப்பு, ஓரமாகத் தள்ளக் கூடாது. உயிர் சம்பந்தப்பட்ட இடம் இது.

9. அறிக்கையும் அதன் பிறகும்

எண்களோடு ரிசீவர் மாதிரி, மென்பொருள் பதிப்பு, ஆன்டெனா வகை, எந்த எஸ்பிஏஎஸ் செயற்கைக்கோள், அடிவானத்தில் இருந்து எத்தனை பாகைக்குக் கீழே உள்ள செயற்கைக்கோள்களைத் தள்ளினீர்கள், டேட்டாபேஸ் சுழற்சி, நீக்கிய பகுதிகளும் காரணமும் எல்லாம் இருக்க வேண்டும். மூல டேட்டாவை ரினெக்ஸ் என்ற பொது வடிவத்திலும் ரிசீவரின் சொந்த வடிவத்திலும் இரண்டு இடங்களில் வையுங்கள், இன்னொருவர் மறுபடி கணக்கிட்டுப் பார்க்க வழி வேண்டும். ரன்வே முனையின் வெளியிடப்பட்ட ஆயத்தொலையே தப்பு என்று தெரியவந்தால் முழு அறிக்கைக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே வெளியிடும் பிரிவுக்கு எழுதுங்கள். அவர்கள் திருத்தினாலும் வழக்கமான வெளியீட்டில் அது நடைமுறைக்கு வருவது 28 நாள் சுழற்சியின் தேதிகளில்தான், அதற்கும் பல வாரம் முன்பே விவரம் அவர்கள் கையில் இருக்க வேண்டும். அவசரம் என்றால் நோட்டாம் (பைலட்டுகளுக்கான அவசர அறிவிப்பு) போடச் சொல்லி, நீங்கள் அளந்த எண்ணையும் அளந்த முறையையும் அதே கடிதத்தில் இணைத்து அனுப்புங்கள்.